மட்டி தின்னாத கமருன்னிஸா

ஆவுளித்துறையில் மட்டி தின்னாத ஆள் ஒரே ஒருத்திதான். அந்த ஒருத்திதான் ஊர் மட்டியைக் காப்பாற்றினாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நடந்தது அதுதான்.

பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே பேருந்தில் முக்கால் மணி நேரம் போனால் ஆவுளித்துறை. தென்னந்தோப்புகள் முடிகிற இடத்தில் ஒரு பள்ளிவாசல், ஒரு ஐஸ் கம்பெனி, நாற்பது சொச்சம் விசைப்படகு. அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் கிழக்கே ஆறு கடலில் விழுகிற கழிமுகம். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பெண்கள் அங்கே இடுப்பளவில் இறங்குவார்கள். காலால் சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படுகிற மட்டியைக் குனிந்து எடுத்து இடுப்பில் கட்டிய பையில் போடுவார்கள். இரண்டு ஓட்டுக்குள் ஒரு வாய் கறி. மட்டி என்பது அவ்வளவுதான். முப்பத்திரண்டு பெண்களுக்கு அதுதான் அடுப்பு எரிகிற வழி. அவர்களுக்கெல்லாம் தலைவி மலர்க்கொடி. தேர்தல் ஒன்றும் நடக்கவில்லை. தொண்டை பெரிது, அதனால் தலைவி.

அவர்கள் எடுப்பதையெல்லாம் வாங்கி, அவித்து, ஓடு நீக்கி, பட்டுக்கோட்டை ஹோட்டல்களுக்கு அனுப்புகிறவள் கமருன்னிஸா. வயது நாற்பத்தெட்டு. பிறந்தது குத்தாலம் பக்கம், நெல் அவித்து விற்கிற வீட்டில். ஹனஃபி வழக்கத்துக் குடும்பம். மீன் உண்டு, நண்டும் மட்டியும் கிடையாது. ஆவுளித்துறையோ ஷாஃபி என்கிற இன்னொரு வழக்கத்து ஊர். அங்கே மட்டி இல்லாமல் விருந்தே இல்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரம் மாமியார் வைத்த மட்டிச் சாற்றை அவள் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். மாமியார் நல்ல மனுஷி. "திங்காட்டிப் பரவாயில்ல, ஆக்கக் கத்துக்க" என்றார். அன்றிலிருந்து இருபத்தாறு வருஷமாக ஆக்குகிறாள். ருசி பார்க்க வழியில்லாததால் அவளுக்கு மூக்குதான் நாக்கு. வெந்ததா வேகவில்லையா, இன்று எடுத்ததா நேற்று எடுத்ததா, எல்லாவற்றையும் ஆவியிலேயே சொல்லிவிடுவாள்.

அவள் புருஷன் ஷேக் பரீத் படகு எஞ்சின் மெக்கானிக். துறையில் நிற்கிற அத்தனை எஞ்சினும் அவர் கைபட்டதுதான். ஊரில் யாரிடமும் தணிந்து போகாத மனுஷர் மட்டி வறுவலிடம் மட்டும் தணிந்துபோவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால் தட்டு ஓரத்தில் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் சோறு ஆறும்வரை சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

வினை தை மாதத்தில் ஆரம்பித்தது. ஒருநாள் அவித்துக்கொண்டிருந்த அண்டாவின் மூடியைத் திறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மலரு, இங்க வா. டீசல் வாடை அடிக்குது பாரு."

மலர்க்கொடி வந்து மோந்தாள். "எனக்கு மட்டி வாடைதான்க்கா வருது. உங்களுக்கு மட்டின்னாலே ஒமட்டும், விடுங்க."

புருஷனிடம் சொன்னாள். அவர் வறுவலை வழித்து வாயில் போட்டுக்கொண்டே, "திங்கிறவன் நான் சொல்றேன், ஒன்னும் இல்ல. திங்காதவ மூக்கச் சிந்திக்கிட்டுப் போ" என்றார். புளியும் வரமிளகாயும் பூண்டும் தட்டிப் போட்டு வறுத்தால் தார் டின்னைக்கூடத் தின்றுவிடலாம், அவருக்கு எங்கே தெரியப்போகிறது! கமருன்னிஸாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்குத் தெளிவாகுற வரைக்கும் இந்த வீட்ல மட்டி கிடையாது" என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே செய்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு ஓரத்தில் கத்தரிக்காய் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து நிலோஃபர் வந்தாள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கடல் ஆராய்ச்சி செய்கிற பெண், முப்பது வயது, கடற்கரை ஊர்களிலெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவாள். கமருன்னிஸா அவளைப் பிடித்து உட்காரவைத்து வாடைக் கதையை முழுசாகச் சொன்னாள். முதன்முதலில் சிரிக்காமல் கேட்டவள் நிலோஃபர்தான்.

"சனிக்கிழமை திரும்ப வரேன் மாமி. ரெண்டு கிலோ மட்டி எடுத்து வைங்க. சோதிச்சுப் பாத்துருவோம்."

சனிக்கிழமை வந்தாள், வாங்கினாள், போனாள். ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. மட்டிக் கறியில் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், இருக்கக்கூடாத அளவுக்கு மேல் பல மடங்கு. அவள் தன் கடமையைச் செய்தாள். அறிக்கை மேலே போனது. மேலே போனது கீழே வரும்போது நோட்டீஸாக வந்தது. ஆவுளித்துறைக் கழிமுகத்தில் மட்டி எடுக்கத் தடை விதிக்கப்படும், ஆட்சேபணை இருந்தால் இருபத்தோரு நாளுக்குள் தெரிவிக்கவும்.

மலர்க்கொடி அன்று கத்தவில்லை. அதுதான் கமருன்னிஸாவைக் கொன்றது. மெதுவாகக் கேட்டாள்: "நீங்கதானக்கா அந்தப் பொண்ண உக்கார வச்சுச் சொன்னீங்க?" பின்னால் முப்பத்தோரு பெண்கள் நின்றார்கள். ஆமாம் என்று சொல்வதைத் தவிர அவளால் வேறு என்ன செய்ய முடியும்? தின்னாத மட்டிக்காக அன்றைக்கு அவள் சோறும் தின்னவில்லை.

இங்கே டெல்டாக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஹைட்ரோகார்பன் என்ற சொல் காதில் விழுந்தால் எங்களுக்குக் கை தானாக முஷ்டி ஆகிவிடும். வயலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தவர்களோடு மல்லுக்கட்டிய மண் இது. அந்தக் கோபம் நியாயமானது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அன்றைக்கு ஆவுளித்துறை அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எவனோ கம்பெனிக்காரன் கடலுக்குள் குழாய் விட்டிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டது. வயல் பக்கத்து ஊரிலிருந்து துரைராசு வந்தார். பதினோரு மா, அதாவது நாலு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான நிலத்தில் குறுவையும் தாளடியும் போடுகிற விவசாயி. தோளில் பச்சைத் துண்டு. எந்தப் போராட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவர். "ஹைட்ரோகார்பனே வெளியேறு" என்று சிவப்புப் பெயிண்டில் ஒரு தகரப் பலகையும் எழுதிக் கொண்டுவந்தார். படகு உரிமையாளர் சங்கத் தலைவர், ஊருக்கே அண்ணன் முறையான ஜெய்னுலாபுதீன் காக்கா ஊர்வலத்துக்கு நாள் குறித்தார். ஊரே வேகத்தில் இருந்தது.

கமருன்னிஸா மட்டும் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

புருஷனின் வேலைச் சட்டையைச் சோப்பில் முக்கிக் கல்லில் அறைந்தாள். முகத்தில் தெறித்தது. கை அப்படியே நின்றது. சட்டையை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். கறுத்துப்போன பழைய எஞ்சின் ஆயில், கொஞ்சம் டீசல், கொஞ்சம் கிரீஸ். இருபத்தாறு வருஷமாகத் துவைக்கிற வாடை. பழகிப்போனதால் மூக்கு அதைக் கண்டுகொள்வதையே விட்டிருந்தது. அண்டாவில் அடித்ததும் இதேதான்.

அவள் ஈரக்கையோடு மட்டி அவிக்கிற கொட்டகைக்கு ஓடினாள். மலர்க்கொடியின் ஆட்கள் அப்போதுதான் கழிமுகத்திலிருந்து கொண்டுவந்து கொட்டியிருந்த மட்டியில் நாலைந்தை எடுத்துச் சகதியோடு சட்டியில் போட்டு அவித்தாள். மோந்தாள். சேறு வாடை, கடல் வாடை, மட்டி வாடை. டீசல் இல்லை. இன்னொரு தடவை மோந்தாள். இல்லவே இல்லை.

அப்போதுதான் குத்தாலத்து வீட்டுத் தொட்டி ஞாபகம் வந்தது. நெல்லை அவிக்கும் முன் தொட்டியில் ஊறப்போடுவார்கள். தண்ணீரை மாற்றாமல் விட்டால் சோறு நாறும். நாறுகிற அரிசியைப் பார்த்து அவள் அத்தா ஒருநாளும் வயலைத் திட்டியதில்லை. நேரே தொட்டிக்குத்தான் போவார்.

மட்டிக்கும் தொட்டி உண்டு. எடுத்த மட்டியைச் சாக்கில் கட்டி ஓர் இரவு கடல் தண்ணீரில் தொங்கவிட்டால்தான் உள்ளே இருக்கிற மண்ணைக் கக்கும். ஆவுளித்துறைப் பெண்கள் அதைப் படகுத்துறைப் படிக்கட்டில் கட்டுவார்கள். கொட்டகைக்குப் பக்கம், எப்போதும் ஆழம் இருக்கும், கழிமுகம்வரை நடக்க வேண்டாம். முன்பெல்லாம் படகுகள் தள்ளி நின்றன. போன வருஷக் கடைசியில் துறையை நீட்டிக் கட்டியதிலிருந்து நாற்பது படகும் படிக்கட்டை உரசிக்கொண்டு நிற்கின்றன. அங்கேதான் ஷேக் பரீத் ஆயில் மாற்றுகிறார். மாற்றிய பழைய ஆயில் எங்கே போகிறது? படகு அடியில் தேங்கின எண்ணெய்த் தண்ணீரை மோட்டார் போட்டு எங்கே இறைக்கிறார்கள்?

கமருன்னிஸா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இன்னொன்றும் உறைத்தது. நிலோஃபருக்குக் கொடுத்த மட்டி! படித்த பெண், வீடு தேடி வந்தவள், அவளுக்குப் போய் மண்ணோடு கொடுப்பதா என்று ஓர் இரவுக்குப் பதில் மூன்று இரவு துறையிலேயே ஊறவைத்து, பளிச்சென்று கொடுத்திருந்தாள். விருந்தாளிக்கு மரியாதை செய்ததில் ஊருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

உடனே போன் போட்டாள். நிலோஃபர் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"நேரா கழிமுகத்துல இறங்கி நானே எடுத்துருக்கணும் மாமி. குடுத்தத வாங்கிட்டுப் போனது என் தப்பு. நாளைக்கே வரேன்."

மறுநாள் வந்தாள். அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று மேலேயும் எழுதிப்போட்டிருந்தாள். இந்தத் தடவை அவளே இடுப்பளவில் இறங்கிச் சேற்றையும் மட்டியையும் எடுத்தாள். படிக்கட்டில் தொங்கின சாக்கிலிருந்து தனியாக. துறைக்கடியில் கறுப்புச் சகதி தனியாக. அதைக் கிளறினபோது தண்ணீர்மேல் வானவில் விரிந்தது. முடிவு வர எட்டு நாளாகும். நோட்டீஸ் கெடுவில் மிச்சம் இருந்தது பதினோரு நாள்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து சங்கக் கட்டடத்தில் கூட்டம். கமருன்னிஸா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள்.

"கழிமுகம் சுத்தமாத்தான் இருக்கு. கெட்டது நம்ம துறை. மட்டிய நாமதான் எண்ணெயில ஊறப்போடுறோம்."

ஒரே சிரிப்பு. மட்டி தின்னாதவள் மட்டிக்கு வக்கீலா என்று ஒருவர் கேட்டார். ஜெய்னுலாபுதீன் காக்கா கையமர்த்தினார்; ஆனால் அவரும் மீசைக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "கமருன்னிஸா, உன் மூக்கு அவ்வளவு பெரிய மூக்குன்னா இங்கேயே காட்டு. அஞ்சு சட்டியில அவிக்கச் சொல்றேன். எது கழிமுகம், எது துறைன்னு கண்ணக் கட்டிக்கிட்டுச் சொல்லிரு. ஊர்வலத்த நிறுத்திடுறேன்."

"வைங்க காக்கா" என்றாள் அவள்.

அடுப்பு மூட்டினார்கள். உப்பு போடாமல் ஐந்து சட்டி. அவள் தன் முக்காட்டுத் துணியாலேயே கண்ணைக் கட்டிக்கொண்டாள். மலர்க்கொடி ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள்.

"துறை."

"கழிமுகம்."

"இதுவும் கழிமுகம்தான்."

"துறை. ரெண்டு ராத்திரி ஊறினது."

சங்கச் செயலாளர் சட்டிக்கடியில் எழுதியிருந்ததைப் பார்த்து நாலு தடவையும் தலையை ஆட்டினார். சிரித்தவர்கள் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். ஐந்தாவது மூடி திறந்தது. கமருன்னிஸா மோந்தாள். தலையைச் சாய்த்தாள். மறுபடி மோந்தாள்.

"இது கழிமுகத்து மட்டிதான். ஆனா யாரோ மேல ஒரு சொட்டு டீசல் விட்டிருக்கீங்க. புது டீசல். துறை வாடை இது இல்ல, அது பழைய ஆயில்."

கட்டடம் அதிர்ந்தது. சொட்டு விட்டவர் ஜெய்னுலாபுதீன் காக்காவேதான். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, "நான்தாம்மா. சோதிச்சுப் பாத்தேன், மன்னிச்சுக்க" என்றார். அவர் மன்னிப்புக் கேட்டு அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"கழிமுகம் கெடாம மட்டி மட்டும் எப்புடிம்மா கெடும்?" என்று யாரோ ஒருவர் கேட்டார். கமருன்னிஸா நெல் ஊறவைக்கிற தொட்டியைச் சொன்னாள். அவள் முடிப்பதற்குள் துரைராசு தொடையில் அறைந்துகொண்டு எழுந்துவிட்டார்.

"அட, ஊறல் தண்ணி! இந்தம்மா சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. நானும் தொட்டிய விட்டுட்டுல்ல வயலத் திட்டிக்கிட்டு வந்துருக்கேன்!"

எல்லாம் சரி. அடுத்த கேள்வி வந்தேவிட்டது. துறையில் ஆயிலைக் கொட்டியது யார்? எல்லாருக்கும் தெரியும். கமருன்னிஸா நாலு நாளாக முயன்றும் அதை வீட்டில் புருஷனிடம் சொல்ல முடிந்திருக்கவில்லை. முன்னால் முப்பத்திரண்டு பெண்களின் முகம், பின்வரிசையில் அவர் முகம். அவள் வாயெடுப்பதற்குள் பின்வரிசை நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

ஷேக் பரீத் எழுந்து நின்றார்.

"ஊத்தினது நான். நாப்பது படகுக்கும் ஆயில் மாத்துறவன் நான்தானே, வேற எவன் ஊத்துவான்? கடல் எம்மாம் பெருசு, ஒரு கேன் ஆயில் அத என்ன பண்ணிடும்னு நெனச்சேன். அவ தை மாசத்துலேயே சொன்னா. மூக்கச் சிந்திக்கிட்டுப் போன்னு சொன்னேன்." பெண்கள் இருந்த பக்கம் திரும்பினார். "உங்க பொழப்புல எண்ண ஊத்திட்டேன். இனிமே துறையில ஒரு சொட்டு விழுந்தா என்னக் கேளுங்க."

கமருன்னிஸா இருபத்தாறு வருஷத்தில் அவரை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். அன்றைக்கு அவர்மேல் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. கண் கலங்கியதை மறைக்கக் கண்கட்டு கழுத்திலேயே கிடந்தது, வசதியாகப் போயிற்று.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஜெய்னுலாபுதீன் காக்கா உத்தரவு போட்டார். பழைய ஆயிலும் படகடித் தண்ணீரும் படிக்கட்டு மேலே வைக்கிற டிரம்முக்குத்தான் போக வேண்டும், தண்ணீரில் கொட்டுகிற படகுக்கு ஐஸ் கிடையாது. ஐஸ் இல்லாமல் எந்தப் படகு கடலுக்குப் போகும்? மூன்றே நாளில் ஊர் திருந்திவிட்டது. ஒருத்தர் மட்டும் திருட்டுத்தனமாக இறைத்துப் பார்த்தார். ஷேக் பரீத் அவர் எஞ்சினைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரும் வழிக்கு வந்தார். பெண்கள் மட்டிச் சாக்குகளை அவிழ்த்துக்கொண்டுபோய்க் கழிமுகத்து ஓடையில் கழி நட்டுக் கட்டினார்கள். அரைக் கிலோமீட்டர் கூடுதல் நடை. மலர்க்கொடி அந்த அரைக் கிலோமீட்டரும் பாடிக்கொண்டே போனாள்.

துரைராசு எழுதிக் கொண்டுவந்த தகரப் பலகை வீணாகவில்லை. அதை அவரே டிரம்முக்கு மேலே கம்பத்தில் ஆணியடித்து மாட்டினார். "ஹைட்ரோகார்பனே வெளியேறு. பலகை சரியான எடத்துக்குத்தான் வந்து சேந்துருக்கு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறினார்.

எட்டாம் நாள் நிலோஃபர் முடிவோடு வந்தாள். கழிமுகத்து மட்டியும் சேறும் சுத்தம். துறைச் சாக்கு மட்டியில் எண்ணெய். துறைக்கடிச் சகதியில் அதைவிட எண்ணெய். அது தெளிய வருஷக்கணக்காகும் என்றாள். ஊர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டது. மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள், அவள் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு துறையையும் கழிமுகத்தையும் நேரில் பார்த்தார்கள். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. கழிமுகத்துக்குத் தடை இல்லை. படகுத்துறையில் மட்டி ஊறவைக்கத்தான் தடை. மலர்க்கொடி அதை வாங்கி எல்லாருக்கும் கேட்கப் படித்தாள். அவள் தொண்டை திரும்ப வந்துவிட்டது. ஐஸ் கம்பெனிக்குள் இருந்தவர்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள். முப்பத்திரண்டு பெண்களும் கமருன்னிஸாவைக் கட்டிப்பிடித்ததில் அவள் முக்காடு எங்கே போனதென்று தேட வேண்டியதாயிற்று. அன்று மாலையே கழிமுகத்து ஓடையில் ஊறின மட்டியின் முதல் லோடு பட்டுக்கோட்டைக்குக் கிளம்பியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஷேக் பரீத் அன்று காலையிலும் ஆயில் மாற்றிவிட்டு, ஜும்ஆவுக்குப் போய் வந்து, திரும்பவும் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். தட்டு ஓரத்தில் மட்டி வறுவல் ஆவி பறந்தது. மூன்று மாதத்துக்கு மேலாயிற்று. ஆனால் அவர் கை வைக்கவில்லை. நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தார்.

"கமரு, ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லு. வாடை இருக்கா?"

கமருன்னிஸா குனிந்து தட்டை மோந்தாள். அப்படியே திரும்பி அவர் தோளருகே சட்டையை மோந்தாள். நிமிர்ந்தாள்.

"மட்டியில இல்ல. சட்டையிலதான் இருக்கு. அது அங்கேயே இருக்கட்டும், நீங்க சாப்புடுங்க."